யாராலும் போட முடியாத கொண்டை

எங்கள் நாணயச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டைப் பதினான்கு வருஷமாக எழுதுகிறவன் நான். தபால் பிரிக்கிற வேலையில் இருப்பதால் எப்படிப்பட்ட கையெழுத்துக்கும் மரியாதை கொடுப்பேன் என்று நம்பி என்னிடம் கொடுத்தார்கள். அந்த நோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே "பொதுவான விவாதம் நடைபெற்றது" என்று ஒரே ஒரு வரி இருக்கும். அன்றைக்கு நடந்ததை அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எல்லோரும் ராசியாகிவிட்டார்கள். பார்லரம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடவும் முடியாது.

பார்லரம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மூன்று சுழல் நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு பீங்கான் தொட்டி, காத்திருப்பவர்களுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத ஒரு சோபா. அவ்வளவுதான் பார்லர். இருபத்தாறு வருஷமாகப் பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசி, கொண்டை போட்டுவிடுகிறார். பஸ்ஸில் முன் சீட்டில் இருக்கிற அம்மாளின் பின்தலையைப் பார்த்து, "பாதிதான் சொந்தம், மீதி சவுரி" என்று கணவரிடம் சொல்வார். மெதுவாகச் சொல்கிறோம் என்று அவருக்கு நினைப்பு. ஹேர் டிரையர் இரைச்சலிலேயே வாழ்ந்த தொண்டை அது. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக், பயந்த சுபாவம். பஸ்ஸில் மனைவிக்கு நாலு சீட் தள்ளித்தான் உட்காருவார்.

இப்படிப்பட்டவருக்கு ரோமானிய நாணயம் எப்படிப் பழக்கமானது? அந்த சோபாவுக்கு முன்னால் கிடந்த ஒரு பழைய பத்திரிகையால்தான். சமையல் குறிப்பு, ஜோசியம், நடிகை படம் என்று தேவையானதையெல்லாம் வாடிக்கையாளர்கள் கிழித்துக்கொண்டு போன பிறகு, யாருக்குமே வேண்டாததாக ஒரு கட்டுரை மட்டும் மிஞ்சியிருந்தது. பழைய ரோமாபுரிக் காசுகளைப் பற்றியது. கூட்டமில்லாத ஒரு மத்தியானம் பார்லரம்மா அதைப் புரட்டினார். ஒரு வெள்ளிக் காசு. அதில் பக்கவாட்டில் ஒரு பெண் முகம். ஜூலியா டோம்னா என்று பெயர் போட்டிருந்தது.

பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற அவருடைய நாத்தனார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பார்லருக்குத்தான் வருவாள். அவளிடம் படத்தைக் காட்டினார்.

"பாரேன். இவ டோப்பா வெச்சிருக்கா."

"அண்ணி, இவ செத்து ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆச்சு."

"செத்துட்டா டோப்பா சொந்த முடி ஆயிடுமா? இங்க பாரு, காதை மூடி எவ்வளவு கனமா இறங்குது. சொந்த முடின்னா இந்தக் கனத்துக்குத் தலைவலி வந்து படுத்திருப்பா."

கட்டுரையின் கடைசிப் பத்தியில், இந்த ராணி பொய்முடி அணிந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுவதாகப் போட்டிருந்தது. பார்லரம்மா அந்த வரியை மூன்று தடவை படித்தார். அந்த நிமிஷமே ரோம சாம்ராஜ்யத்தின் மேல் அவருக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. சாம்ராஜ்யமே எழுந்து நின்று தன் பேச்சை ஆமோதித்த மாதிரி.

அடுத்த மாதமே எங்கள் சங்கத்துக்கு வந்துவிட்டார். நூலகத்துக்கு மேலே ஒரு நீள அறை எங்களுடையது. ஒரு இரும்பு பீரோ, ஆடுகிற மேஜை, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏழு ஆண்கள். எட்டாவதாகக் கைப்பையோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து, வழி தவறி வந்துவிட்டார் என்றே நினைத்தோம்.

எங்கள் செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். முப்பது வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவருக்கு, தேய்ந்துபோன ரோமானிய எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்களுக்கு எந்தக் காலகட்டத்துல ஆர்வம்மா?"

"பொம்பளைங்க இருக்கற காலகட்டம்."

"சக்கரவர்த்திகள் வேண்டாமா?"

"அவங்களுக்கெல்லாம் ஒரே கட்டிங் சார். நடுவுல ஒருத்தர் தாடி விட்டாரு. உடனே பின்னாடி வந்தவங்க எல்லாம் தாடி. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

ஹேட்ரியன் என்கிற சக்கரவர்த்தியைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் எங்களில் யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்றே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டோம்.

ஐந்து வருஷத்தில் பத்தொன்பது காசு சேர்த்தார். பத்தொன்பதும் ராணிகள். கொண்டை ஊசி வைக்கிற, சின்னச் சின்னக் குழி கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் ஆட்சிக் காலப்படி அடுக்குவோம். அவர் அடுக்கியது வேறு மாதிரி: நடுவகிடு ஒரு வரிசை, உச்சிக்கொண்டை ஒரு வரிசை, பிடரிக்கொண்டை ஒரு வரிசை. மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் நடுவில் ஒரு குழியைக் காலியாக விடுவார்.

பார்லருக்கு வருகிறவர்கள் சரித்திரத்திலிருந்து தப்ப முடியாது. சாயம் பூசினால் நாற்பது நிமிஷம் ஊற வேண்டும். அந்தத் தலையோடு யார் எழுந்து தெருவில் ஓடுவார்கள்? ஃபாஸ்டினா என்று தாயும் மகளும் இரண்டு ராணிகள். "அம்மாக்காரி பின்னலை எல்லாம் உச்சியில கொண்டுபோய்ச் சுத்தி வெச்சுக்குவா. மகள்காரிக்கு அது பிடிக்கல, கொண்டையைப் பிடரிக்கு இறக்கிட்டா. எந்த வீட்டுல மகள் அம்மா மாதிரி சீவிக்கறா சொல்லுங்க" என்பார். அந்த மகளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல். காசுகளில் அவளுடைய சிகை அடிக்கடி மாறுகிறது. பிள்ளை பிறந்ததை ஒட்டித்தான் மாறுகிறது என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். பார்லரம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. "பிரசவத்துக்கப்புறம் முடி கொட்டும். கொட்டினா ஸ்டைல் மாத்தித்தான் ஆகணும். இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

அந்த மகள் ஃபாஸ்டினாவின் பெரிய வெண்கலக் காசு ஒன்றுதான் அவருடைய டப்பாவில் நடுநாயகம். கரும்பச்சை நிறம், நெற்றியில் அலையலையாக முடி, சின்ன மூக்கு. வாங்கின அன்று சங்கத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் வைத்துக் காட்டினார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தவர் முகத்தில் இருக்கிற மாதிரி ஒரு நிறைவு.

"வீட்டுல ரெண்டு பொம்பளைங்களையே என்னால சமாளிக்க முடியல. இவ இருபதைக் கூட்டிட்டு வந்திருக்கா" என்று லிஃப்ட் மெக்கானிக் என்னிடம் அலுத்துக்கொள்வார். ஆனால் காசுகளைத் துடைக்கிற மென்துணியைத் துவைத்து மடித்து வைப்பது அவர்தான்.

மருந்துக்கடைக்காரரிடம் ஒரே ஒரு ராணிக் காசு உண்டு. எங்கள் சங்கத்துக்கே பெருமை அதுதான். டிடியா கிளாரா. இந்தப் பெண்ணின் கதை விசித்திரமானது. கி.பி. 193இல் ரோமின் காவல்படை தன் சக்கரவர்த்தியைக் கொன்றுவிட்டு, அரியணையை ஏலம் விட்டது. முகாமுக்கு உள்ளே ஒருத்தர், மதிலுக்கு வெளியே ஒருத்தர், இரண்டு பேரும் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். வெளியே நின்ற டிடியஸ் ஜூலியானஸ் என்கிற பணக்காரர் எடுத்தார். அறுபத்தாறே நாள், அவரையும் கொன்றுவிட்டார்கள். அந்த அறுபத்தாறு நாளுக்குள் மனைவிக்கும் மகளுக்கும் ராணிப் பட்டம் கட்டி, அவர்கள் முகத்தோடு காசும் போட்டார்கள். அவர்கள் இரண்டு பேருமே பயந்துகொண்டேதான் பட்டத்தை ஏற்றார்கள் என்று ஒரு பழைய நூல் சொல்கிறது. அந்த மகள்தான் டிடியா கிளாரா. காசின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "மகிழ்ச்சியான காலம்" என்கிற அர்த்தத்தில் இரண்டு சொற்கள்.

மருந்துக்கடைக்காரர் அதைப் பதினோரு வருஷத்துக்கு முன் வாங்கினார். வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்ததால் எங்களில் பலர் படத்தில் பார்த்ததோடு சரி. சங்கத்தின் கண்காட்சி நெருங்கியபோது, நடு அலமாரியில் அதைத்தான் வைப்பது என்று முடிவானது. ஒரு ஞாயிறு காலை கொண்டுவந்து, எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்று கொடுத்தார். நாங்கள் எல்லோரும் "ஆஹா" சொல்லி அடுத்தவருக்கு நகர்த்தினோம். பார்லரம்மாவிடம் போனதும் நின்றுவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் போய்ப் பூதக்கண்ணாடியை வைத்து நாலு நிமிஷம் பார்த்தார். காசை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். தன் கையையே காற்றில் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

"சார், இந்தக் கொண்டையை யாராலயும் போட முடியாது."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "ஏம்மா, அவ்வளவு கஷ்டமா?"

"கஷ்டம் இல்ல. முடியவே முடியாது. காதுக்கு மேல வர்ற புரி கீழ்நோக்கித் திரும்புது பாருங்க. அப்படித் திரும்பின முடி கொண்டையில இந்தப் பக்கமாத்தான் சுத்தும். இங்க எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு. நடுவுல வெட்டி ஒட்டினாத்தான் இப்படி வரும். அப்புறம் கொண்டைக்குள்ள போன முடியோட நுனி எங்க? சொருகின இடமே இல்லையே?"

"அச்சு வெட்டினவன் ஏதோ கவனக்குறைவா…"

"அவன் வீட்லயும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா சார். தினம் காலைல தலை வாரறதைப் பாத்திருப்பான். இதை வெட்டினவன் ஒரு தலையையும் பாத்ததில்ல. தேஞ்ச காசு மேல யாரோ இப்ப உளியை வெச்சிருக்காங்க."

மருந்துக்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது நாணயச் சங்கம்மா. தலைமுடி சாஸ்திரம் இல்ல. சும்மா வாயால சொன்னா எப்படி? நிரூபிச்சுக் காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றார்.

அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். பார்லரம்மா அதை அழைப்பிதழாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, நாத்தனாரோடு வந்தார். நாத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. ஆடுகிற மேஜைக்கு முன் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து, தோளில் துண்டைப் போட்டு, வாயில் மூன்று கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு, காசின் பெரிய படத்தைப் பீரோவில் ஒட்டிவைத்து வேலையை ஆரம்பித்தார்.

முதலில் எங்கள் டிடியா கிளாரா மாதிரி. புரியை எடுத்தார், காதுக்கு மேல் இறக்கினார், படத்தில் இருக்கிற பக்கமாகச் சுற்றினார். சுற்றச் சுற்ற முறுக்குப் பிரிந்து, கடைசியில் கொண்டை அவிழ்ந்து நாத்தனாரின் மூக்கில் விழுந்தது. மறுபடியும் செய்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை நாத்தனார், "அண்ணி, நான் ராணியே ஆக வேண்டாம், விட்டுடுங்க" என்றாள்.

பிறகு, ஒரு அருங்காட்சியகப் புத்தகத்தில் இருந்த நிஜ டிடியா கிளாராவின் படத்தை ஒட்டினார். பத்தே நிமிஷம். நெற்றி ஓரத்தில் அலை, காதைத் தொட்டுப் போகிற ஒரு வளைவு, பிடரியில் உட்கார்ந்த கொண்டை. பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். தினமும் மூக்குக்கண்ணாடி துடைக்கிற பெண், ஏழு ஆண்களுக்கு முன்னால் வெள்ளிக் காசிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருந்தாள். எங்களில் கணக்கு வாத்தியார் ஒருவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினோம். மருந்துக்கடைக்காரர் மட்டும் காசைப் பஞ்சு உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, "நேரமாச்சு, கடையைத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறப்பதில்லை.

அந்தக் கூட்டத்துக்குத்தான் நான் அந்த ஒற்றை வரியை எழுதினேன்.

மருந்துக்கடைக்காரர் காசை வெளியூரில் ஒரு நிபுணருக்கு அனுப்பினார் என்று கேள்விப்பட்டோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வெள்ளி பழையதுதான், காசும் பழையதுதான். ஆனால் வேறொரு ராணியின், சாதாரணமாகக் கிடைக்கிற, தேய்ந்த காசு. அதன்மேல் முடியையும் பெயரையும் பின்பக்க எழுத்தையும் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் அந்தக் கடிதத்தை எனக்குத் தபாலில் அனுப்பிவைத்தார், சங்கக் கோப்புக்காக. அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஜெயித்த பார்லரம்மாவுக்குச் சந்தோஷம் இருக்க வேண்டுமே? இல்லை. சாயம் ஊறுகிற நேரத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வாடிக்கையாளர்களே கவலைப்பட்டார்கள். ஒரு சாயங்காலம் தபால் நிலையத்துக்கு என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, நான் செஞ்சது தப்பா?"

"சொன்னது சரிதாம்மா."

"சரியான்னு கேக்கல. தப்பான்னு கேட்டேன்."

நான் கையிலிருந்த தபால் கட்டைத் திரும்ப அடுக்கினேன். "மருந்துக்கடைக்குப் போறேன். நீங்களும் வாங்க. தனியாப் போனா நான் மறுபடியும் ஏதாவது அதிகமாப் பேசிடுவேன்" என்றார்.

கடையில் கூட்டம் இல்லை. மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்து பாட்டில்களின் காலாவதித் தேதியைப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஸ்டூல் எடுத்துப் போட்டார். கோபமாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் எப்போதும்போல மரியாதையாக இருந்தார்.

பார்லரம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். உள்ளே பெரிய ஃபாஸ்டினா.

"சார், நடு அலமாரி காலியா இருக்கக் கூடாது. இதை வெச்சுக்கங்க. என் பேரு போட வேண்டாம். சங்கத்துப் பேரே போடுங்க."

மருந்துக்கடைக்காரர் காசைத் தொடவில்லை. "வேண்டாம்மா" என்றார்.

"ஏன் சார்? எம்மேல இருக்கற வருத்தத்தைக் காசு மேல காட்டாதீங்க."

"வருத்தம் இல்லம்மா. இது… இது உங்க வீட்லயே இருக்கட்டும்."

"ரோஷமா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இருமல் மருந்தைப் பார்த்தேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இது வார்ப்பும்மா. நிஜக் காசை வெச்சு அச்செடுத்து, உருக்கி ஊத்தினது. விளிம்புல ஒரு கோடு ஓடுது, பாருங்க. கழுத்துக்கிட்ட ஊசி முனையளவுல ரெண்டு குமிழி."

பார்லரம்மா பூதக்கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை. காசைக் கையில் எடுத்து விளிம்பை விரல் நகத்தால் தடவினார். முடியைத்தானே அவர் எப்போதும் பார்ப்பார்? நிஜக் காசிலிருந்து எடுத்த அச்சு என்பதால் முடி சரியாக இருந்தது. விளிம்பை அவர் பார்த்ததே இல்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீங்க முதல் நாள் கொண்டுவந்து கையில குடுத்தீங்களே, அன்னிக்கே."

"ரெண்டு வருஷமா?"

"நீங்க அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் சொல்றதுக்கு ஒரு நாள் வரவே இல்ல."

பார்லரம்மா காசை உறைக்குள் திரும்பப் போட்டார். ஏழு பேருக்கு முன்னால் துண்டைப் போட்டு, ஊசியைக் கவ்விக்கொண்டு, கைதட்டல் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் ஓடுவது எனக்கே தெரிந்தது. அழுவாரோ என்று பயந்தேன். ஒரு அம்மாள் வந்து கண் சொட்டு மருந்து கேட்டார். மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் போனதும் பார்லரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"நீங்க சொல்லியிருக்கணும் சார்."

"ஆமாம்மா."

"நான் மெதுவாச் சொல்லியிருக்கணும்."

"உங்களுக்கு மெதுவாப் பேச வருமா?" என்று கேட்டுவிட்டார் மருந்துக்கடைக்காரர்.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு பார்லரம்மா. அந்தச் சிரிப்பில் மேஜைமேல் இருந்த மாத்திரை அட்டைகள் அதிர்ந்தன. நடு அலமாரியில் எதை வைப்பது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. எனக்கு அதைப் புரிந்துகொள்ள இன்னும் ஐந்து நிமிஷம் ஆயிற்று.

இரண்டையும் வைத்தார்கள். செதுக்கிய டிடியா கிளாராவும் வார்த்த ஃபாஸ்டினாவும் பக்கத்துப் பக்கத்தில். காசு கொடுத்த இரண்டு பேருடைய பெயரும் போட்டு, எப்படி ஏமாந்தோம் என்று அவரவர் வாசகத்தை அவரவரே எழுதினார்கள். மருந்துக்கடைக்காரர் எழுதியது இரண்டு வரி. பார்லரம்மா எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் ஃபாஸ்டினாவின் பிள்ளைகளைப் பற்றி. அதைச் சுருக்குகிற வேலை எனக்கு வந்தது. சுருக்கினதற்கு இன்னும் என்மேல் அவருக்கு மனத்தாங்கல் உண்டு.

கண்காட்சியில் தங்கக் காசு வைத்திருந்தவர் பக்கம் ஈ ஆடவில்லை. கூட்டமெல்லாம் போலிகளுக்கு முன்னால்தான். பக்கத்தில் நாத்தனார் ரோமாபுரிக் கொண்டையோடு நின்று விளக்கம் சொன்னாள். கணக்கு வாத்தியார் அந்த விளக்கத்தை மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவள், "சார், உங்களுக்குப் புரியலையா, இல்ல என்னைப் பாத்தா புரியலையா?" என்று கேட்டாளாம். அடுத்த வருஷம் அவர்கள் கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அதை நான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

பார்லரம்மாவிடம் இப்போது இருபத்திரண்டு ராணிகள் இருக்கிறார்கள். எங்களில் யார் பெண் முகம் போட்ட காசு வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோகிறோம். காசு அவர் கைக்கு வந்ததும் முதலில் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்; அதற்குப் பிறகுதான் முடி. சரியில்லாத காசு என்றால், பார்லரில் ஆள் இருக்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார். "அப்புறம் பேசலாம்ணே" என்பார். அவருக்குத் தெரிந்த அளவில் அதுதான் மெதுவான குரல். தெருக்கோடி வரை கேட்கும்.